முளையைப் பார்த்து முடிவு சொல்லலாமா?

பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் ஹாக்கி என்றால் கனடா மக்களுக்கு உயிர். கனடா, அமெரிக்க அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. தேர்வு முடிந்த உடனே ரசிகர்களிடையே சண்டை தொடங்கிவிடும். பையன் தேறுவானா, மாட்டானா என்பதே பேச்சு!

1993-ம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவா அணி, அலெக்சாந்தர் டெய்கிள் என்ற 18 வயது இளைஞரை முதல் ஆளாக எடுத்தது. அதற்கு முந்திய பருவத்தில் அந்த அணி 10 ஆட்டங்களில்தான் வென்றிருந்தது. அணியைத் தூக்கி நிறுத்தும் பாரம் முழுவதும் அந்தப் பையன் தலையில் விழுந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அவர் சோபிக்கவில்லை. 1998-ம் ஆண்டு தொடக்கத்தில் அணி அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது.

அதே 1998-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அணி, ரஷ்ய இளைஞர் பாவெல் தட்சுக்கை 171-வது ஆளாக எடுத்தது. அவரோ 2002, 2008 ஆகிய ஆண்டுகளில் அந்த அணியோடு ஸ்டான்லி கோப்பையை வென்றார்!

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். எல்லாப் பயிரும் அப்படி அல்ல. சில பயிர்கள் தாமதமாகவே கதிர் விடும். ரசிகர்கள் தாராளமாக வாதாடட்டும். ஆனால், மீசை அரும்பும் வயதில் உள்ள பையனுக்கு இன்றே தீர்ப்பு எழுத வேண்டாம். முதலில் அவன் ஆடட்டும்!