கொடியை மடித்த பிறகு

2021 டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூருக்கு அருகே ஹெலிகாப்டர் விபத்தில் உயிர்நீத்த முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத்துக்கும் அவருடைய மனைவிக்கும் தில்லி பிரார் சதுக்கத்தில் அந்திமக் கிரியைகள் நடந்தபோது, 17 பீரங்கிக் குண்டுகள் மரியாதையாக முழங்கிய அதே மைதானத்தில், ஒரே சிதையில் கிடத்தப்பட்டிருந்த தாய் தந்தையர் இருவருக்கும் அவர்களுடைய புதல்வியர் இருவரே தீ மூட்டினார்கள். பீரங்கி எத்தனை முறை முழங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த ராணுவ விதி, கொள்ளி வைப்பது ஆணா பெண்ணா என்ற கேள்விக்குள் நுழையவில்லை. அந்த நுழையாமையே ராணுவ மரியாதையின் தலையாய குணம் என்பதும், ஊர்ப்புறங்களில் அது இப்போது மெல்லக் கெட்டு வருகிறது என்பதும் என் துணிபு.

துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துச் சிரம் தாழ்த்தி நிற்கும் 'சோக் சஸ்த்ர', வானை நோக்கி மூன்று முறை சுடுவது, ஒரு காலத்தில் பாசறையில் அன்றைய அலுவல் முடிந்ததை அறிவித்த 'லாஸ்ட் போஸ்ட்' என்னும் ஊதுகுழல் ஓசை ஆகிய இவையெல்லாம் ஐரோப்பிய சைனியங்களில் தோன்றி, வெள்ளையர் ஆட்சியோடு நம்மிடம் வந்தவை. ஆயினும் இவற்றில் எந்தத் தெய்வத்தின் நாமமும் இல்லாமையால், பண்டிதர், மௌலவி, கிரந்தி, பாதிரியார் என்று பல்வகைச் சமய ஆசான்களையும் உத்தியோகத்தில் வைத்திருக்கும் நம் ராணுவத்துக்கு அவை இடைஞ்சலின்றிப் பொருந்திவிட்டன. (நம் பத்திரிகைகள் '21 குண்டுகள் முழங்க' என்று எழுதிப் பழகிவிட்டன, துப்பாக்கி மரியாதையின் கணக்கு குண்டுகளில் இல்லை, மூன்று முறை என்பதில்தான் இருக்கிறது.) அடிமை நாட்டுச் சிப்பாய்களை நடத்திய விதத்தில் எத்தனையோ கண்டனங்களுக்கு ஆளான ஆங்கிலேயர்கூட, முதல் உலகப் போரில் காயமுற்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் மாண்ட இந்துக்களையும் சீக்கியர்களையும், தகனம் என்பதே அரிதாக இருந்த அந்தத் தேசத்தில், ஊருக்கு வெளியே குன்றின்மேல் அவரவர் முறைப்படி எரியூட்ட இடம் தந்தார்கள்; 53 பேர் எரியூட்டப்பட்ட அவ்விடத்தில் 1921-இல் எழுந்த 'சத்ரி' மண்டபம் இன்றும் நிற்கிறது.

கார்கில் போருக்கு முன்பெல்லாம், எல்லையில் வீழ்ந்தவரைப் பெரும்பாலும் அங்கேயே தகனமோ அடக்கமோ செய்துவிட்டு, அவருடைய உடைமைகளை மட்டும் வீட்டுக்கு அனுப்புவார்கள். 1999-இல் நடந்த அப்போர் முதல்தான் பூதவுடலையே ஊருக்கு அனுப்புவது பொது வழக்காயிற்று. அப்போரில் பட்டாலிக் மலையில் மே மாத இறுதியில் வீழ்ந்த திருச்சிராப்பள்ளி மேஜர் சரவணனின் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அன்று முதல் சர்க்காரின் சடங்கும் குடும்பத்தின் சடங்கும் ஒரே தெருவில் சந்திக்கின்றன; சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது. நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டு வழியனுப்புகிறவர்களுடைய வாசலில், மூடி முத்திரையிட்ட பெட்டியொன்று இறக்கப்படுகிறது. முகத்தையாவது காட்டுங்கள் என்று பெற்றவள் கேட்கிறாள். காட்டும் நிலையில் அது இல்லையென்பதை உடன் வந்த சுபேதார் எந்த வாயால் சொல்வார்? அந்தச் சங்கடத்தை ராணுவத்தார் பெரும்பாலும் பொறுமையோடு கடந்துவிடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். கடக்க முடியாதது, பிறகு வந்து சேரும் கூட்டம். ஜனாஸா தொழுகை முடிந்ததும் பொழுது தாழாமல் நல்லடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட குடும்பம், வரவேண்டிய பிரமுகர் இன்னும் வரவில்லை என்பதற்காகக் காத்து நிற்கிறது. கட்சிக் கரைவேட்டிகளுக்கும் தொலைக்காட்சிக் காமிராக்களுக்கும் இடையே பங்காளிகளுக்கே இடமில்லாமல் போகிறது. சங்ககால நடுகல்லை நினைவூட்டி ஒருவர் சொற்பொழிவே தொடங்கிவிடுகிறார், சிதை அடுக்கியாகிவிட்டது என்பதையும் பாராமல்.

காவி நிறம் தலைமாட்டில் அமையுமாறு கொடியைப் போர்த்த வேண்டும் என்றும், அதைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்றும் தேசியக் கொடி விதிகள் கூறுகின்றன. ஆகவே அது உரிய வேளையில் எடுக்கப்பட்டு, மடிக்கப்பட்டு, மனைவியிடமோ பெற்றோரிடமோ ஒப்படைக்கப்படுகிறது. அந்த ஒப்படைப்போடு சர்க்காரின் பங்கு முடிந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். உடல் வந்திறங்கியதும் ஒரு மணி நேரமாவது வீட்டாரிடமே தனியே விடப்படவேண்டும். தகனமா, அடக்கமா, எத்தனை மணிக்கு, யார் கையால் என்பனவற்றை மாவட்ட நிர்வாகம் அவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிரமுகர்களின் பயணத்தை அதற்கேற்ப அமைக்க வேண்டுமேயன்றி, பயணத்துக்கேற்பக் கிரியையைத் தள்ளிவைக்கலாகாது. மலர்வளையம் வைக்க வருகிறவர்கள் வரிசையில் நின்று வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும். பேச வேண்டியது ஏதேனும் இருந்தால், இரங்கற் கூட்டத்துக்கு வேறு நாள் கிடைக்காமலா போகும்?