வாளுறை கூறும் வரலாறு

வாளைப் பற்றிப் பேசுவோர் அலகின் கூர்மையையே பேசுவர். உறையைக் கவனிப்பார் அரியர். ஆயினும் இரண்டாம் உலக யுத்தக் காலத்து யப்பானிய வாள்களைப் பொறுத்தவரையில், உறைமீது பூசப்பட்ட வர்ணம் அலகு சொல்லாத பல சங்கதிகளைச் சொல்லிவிடுகிறது.

1876ஆம் ஆண்டில் சாமுராய்கள் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டது. அதன்பின் இராணுவ உத்தியோகத்தர் தாங்கியவை ஐரோப்பிய மாதிரியைத் தழுவிய வாள்களேயாம். நிக்கல் முலாமிட்ட உருக்குறைகள் வெள்ளிபோல மின்னின. 1934இல் பழைமைக்குத் திரும்பினர். இடையிலே தொங்கவிடும் 'தாச்சி' என்னும் பண்டை வாளின் அமைப்பில் புதிய வாள் விதிக்கப்பட்டது. உறையும் மின்னல் நீங்கி மண்ணிறம் பூண்டது. போர்க்களத்தில் மின்னுவது எவருக்கும் நன்றன்றே!

மண்ணிறம் என்று ஒரு சொல்லிற் கூறிவிட்டோம். பத்து உறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கபிலம், ஒன்று காக்கி, மற்றொன்று பாசிப்பச்சை. உத்தியோகத்தர் தத்தம் வாளைச் சொந்தப் பணத்தில் வாங்கவேண்டியிருந்தமையால், கடைக்கும் பணப்பைக்கும் ஏற்ப நிறம் வேறுபட்டது. சார்ஜண்ட் போன்ற கீழுத்தியோகத்தருக்கோ, 1935இல் விதிக்கப்பட்ட வாளை அரசாங்கமே வழங்கியது. அலகிலும் உறையிலும் ஒரே இலக்கம் பொறிக்கப்பட்டது. இலக்கம் ஒன்றுபட்டதேயன்றி, தொழிற்சாலைகள் பலவாகையால் வர்ணம் ஒன்றுபடவில்லை.

இக்கீழுத்தியோகத்தர் வாளின் கதை கவனிக்கத்தக்கது. முதலில் அதன் பிடி செம்பினால் வார்க்கப்பட்டது. பின்னர் அலுமினியம் வந்தது. திருக்கைத் தோலின்மீது நாடா சுற்றிய பழைய பிடியைப்போலத் தோன்றுமாறு அந்த அலுமினியத்துக்கு வர்ணம் தீட்டினர். கைபட்டுத் தேய்ந்த இடங்களில் வெள்ளை உலோகம் எட்டிப் பார்ப்பதை இன்றும் காணலாம். பித்தளைக் கைக்காப்பு இரும்பாயிற்று. யுத்தத்தின் இறுதியில் பிடியும் மரம், உறையும் மரம். நாட்டின் உலோகப் பஞ்சத்தை அறியப் பெரிய நூல்களைப் புரட்டவேண்டியதில்லை. இவ்வாள்களை அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

குஞ்சத்தின் நிறமோ கண்டிப்பான விதிக்கு உட்பட்டது. தரைப்படையிலே கபிலத்தோடு சிவப்பும் பொன்னும் சேர்ந்தால் ஜெனரல். சிவப்பு மட்டுமாயின் மேஜர் முதல் கேர்ணல் வரை. நீலமாயின் கப்டனும் அவருக்குக் கீழ்ப்பட்ட லெப்டினண்டுகளும். கடற்படையினர் உறை கறுப்பு மெருகு பூண்டது. சிலர் திருக்கைத் தோலாலும் போர்த்தினர்.

இனி, காக்கி உறையைக் கண்டு அலகை எடைபோடலாகாது. பல குடும்பங்கள் பாட்டன் பூட்டன் காலத்து அலகை எடுத்து, இராணுவ உறையிலே பொருத்தி மைந்தனிடம் கொடுத்தனுப்பின. நூற்றாண்டுகள் பழைமையான அலகும், தொழிற்சாலையில் மலிவாய்ச் செய்த அலகும் ஒரே நிறத்து உறைக்குள் உறங்கின. மவுண்ட்பேட்டன் பிரபுவிடம் சைகோன் நகரில் 1945 நவம்பர் 30இல் தெராவுச்சி ஒப்படைத்த வாள்கள் இரண்டும் புராதனமானவை. 1944 முதல் நமது பேராதனைப் பூந்தோட்டத்தில் தலைமையகம் அமைத்திருந்தவர் இதே மவுண்ட்பேட்டன்தான்.

சரணடைந்தோரின் வாள்கள் நேசநாட்டுப் போர்வீரரோடு பல தேசங்களுக்குச் சென்றன. அவற்றை விற்க முனைவோர் சிலர் பழைய வர்ணத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுகின்றனர். இதைக் காட்டிலும் பெரிய கேடு வேறில்லை. சுரண்டிய வர்ணத்தோடு அவ்வாளின் பிறப்புச் சாட்சியும் போய்விடுகிறது. யப்பானிய சட்டமோ மரபு முறையிலே அடிக்கப்பட்ட கலைவாள்களையே பதிவுசெய்ய இடமளிக்கிறது. இயந்திரத்தாற் செய்த யுத்தகால அலகு தாயகம் திரும்பினால் அதற்குக் கிடைப்பது அழிவே. ஆகவே அத்தகைய வாள்கள் பிறந்த நாட்டிலன்றி அன்னியர் வீடுகளிலேயே எஞ்சி நிற்கின்றன.

பழைய அலகை உரிய குடும்பத்திடம் சேர்ப்பிக்க விரும்புவோர், பிடியைக் கழற்றி உள்ளே கொல்லன் பெயர் வெட்டப்பட்டுள்ளதா என நோக்குவர். பிடியின் உச்சியில் சிறு வெள்ளிக் குலச்சின்னம் பதிந்திருக்குமாயின் அது இன்னும் நல்ல துணை. சரணடைந்த நாளில் உரியவர் தம் பெயரெழுதி உறையிலே கட்டிய சீட்டு இன்றும் அறுந்துபோகாமல் தொங்கும் வாள்களும் உள்ளன.