ஆழ்வார்ப்பேட்டையிலே ஒரு பேய்!

மயிலைக்கும் தியாகராய நகருக்கும் நடுவே ஆழ்வார்ப்பேட்டை. அங்கே டிமான்ட்டி காலனி என்றொரு தெரு. அதன் வீடுகள் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. சுவர் வெடித்தது, செடி முளைத்தது, சன்னல் உதிர்ந்தது. கடைசியில் பேயும் குடியேறிவிட்டது! ஒரு கிரவுண்டு நிலம் கோடிகளில் விலைபேசப்படும் மாநகரின் நடுவிலே, வாடகை கொடுக்காமல் வாழும் உரிமை பேய்க்கு மட்டுமே உண்டு போலும்!

2015இல் அந்தத் தெருவின் பெயரையே தாங்கி ஒரு படம் வந்தது. இயக்கியவர் அஜய் ஞானமுத்து. நான்கு இளைஞர் பாழ் வீட்டுக்குள் நுழைகின்றனர், ஒருவன் அங்கிருந்த கழுத்தணியை எடுத்து வருகிறான், சாபம் தொடர்கிறது. தங்கள் அறைக்குள்ளேயே அடைபட்டு, தொலைக்காட்சிப் பெட்டியிலே தங்கள் முடிவைத் தாங்களே பார்த்து நடுங்குகின்றனர். படம் திறமாக எடுக்கப்பட்ட படம்; மறுக்கவில்லை. 2024இல் இரண்டாம் பாகமும் வந்தது.

ஆனால் யார் அந்த டிமான்ட்டி? கற்பனை ஆள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பெருவணிகம் நடத்திய போர்ச்சுகீசியர். தம் சொத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையிடம் அறப்பணிக்கென எழுதிவைத்துச் சென்றவர். அவர்தாம் திரையிலே கொலைவெறி கொண்ட ஆவியாக அலைகிறார்! ஊரை அடித்து உலையில் போட்டவனுக்குச் சிலை. ஊருக்கு எழுதிவைத்தவனுக்குப் பேய்ப்பட்டம்!

தெரு ஏன் வெறிச்சோடியது? நிலம் எவருடையது, குத்தகை எவரிடம், பழுது பார்ப்பது எவர் பொறுப்பு என்று கேட்டால் பத்திரம் பதில் சொல்லும். "பேய்" என்று சொல்லிவிட்டாலோ கேள்வியே எழாது. கேள்வியைக் கொல்லுவதற்கு இதைவிட மலிவான கருவி ஏது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றனர் முன்னோர். அரண்டவனைக் கண்டால் கல்லாப்பெட்டி திறக்கிறவனைப் பற்றியும் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கலாம்!

"பகுத்தறிவு பேசும் நீங்கள் பேய்ப்படம் பார்ப்பதா?" என்று தோழர் சிலர் கேட்கின்றனர். பார்க்கிறோம். விரும்பியே பார்க்கிறோம். மயிலாப்பூர்க் காமதேனுவும் தியாகராய நகர் நாகேசும் திரை கட்டியிருந்த நாளிலிருந்தே இரவுக் காட்சிக்கு நிற்கும் கூட்டம் நம் கூட்டம். அச்சம் மனிதனுக்கு இயற்கை. இருட்டிலே நூறு பேரோடு அமர்ந்து அஞ்சிச் சிரிப்பதிலே ஓர் இன்பம் உண்டு. அதனைப் பழிப்பவர் நாமல்லோம்.

தடை செய் என்போர்க்கும் நம் விடை அதுவே. 1954இல் நாடகங்களுக்குக் கடிவாளம் போடச் சட்டம் வந்தபோது அதன் முள் யாரைத் தைத்தது என்பதை இந்த இயக்கம் மறக்கவில்லை. கத்தரிக்கோல் இன்று மூடத்தனத்தை வெட்டும். நாளை நம் நாவை வெட்டும்.

மற்றொரு கூட்டமும் உண்டு. "பேய்ப்படமா? சீ, பாமரர் பார்ப்பது!" என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் மேதாவிக் கூட்டம். மாலையிலே சபாவில் கச்சேரி. மறுநாள் காலையிலே புது மோட்டார் வண்டியின் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம்! திரையில் வரும் பேய் தாழ்ந்த ரசனையாம். வீட்டு வாசலிலே தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் பண்பாடாம்! இந்த இரட்டை நாக்கினரோடு நமக்கு உறவில்லை.

அச்சத்தோடு நமக்குப் பகையில்லை. அச்சத்தை மூட்டிவிட்டு, அதற்கு மருந்து தாயத்து என்று விற்கிறார்களே, அந்த வாணிகத்தோடுதான் பகை.

அச்சமூட்டப் பேய் வேண்டுமா? வேண்டாம் என்று காட்டினார் வீணை எஸ். பாலசந்தர், 1954இல். ஏ.வி.எம். நிறுவனத்தின் "அந்த நாள்". பாட்டில்லை, ஆட்டமில்லை, ஆவியுமில்லை. ஒரு கொலை; அதனைப் பற்றி ஆளுக்கொரு கதை. யார் சொல்வது மெய் என்று பார்ப்போனே துப்பறிய வேண்டும். 1966இல் வந்தது "யார் நீ?". இந்தியில் வந்த படத்தின் தழுவல்தான். பேய் போலத் தோன்றிய பெண்ணுருவம் கண்டு கொட்டகை நடுங்கியது. இறுதியிலே அது மனிதர் செய்த சூது என்று திரை விலகியது. அஞ்சினோம், பிறகு அறிந்தோம். அஞ்சியதற்கு வெட்கப்பட்டுச் சிரித்தபடி வெளியே வந்தோம்.

இப்போது நடப்பதென்ன? 2005இல் "சந்திரமுகி". சென்னை அண்ணா சாலையில் சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம். கங்காவுக்கு வந்திருப்பது பேயன்று, மனநோய் என்று மருத்துவர் வாயால் சொன்ன படம். அதற்காக நாம் கை தட்டினோம். ஆனால் நோயைச் சொன்ன கதை, பூசாரியை வெளியே அனுப்பியதா? இல்லையே! மருத்துவருக்கும் ஒரு நாற்காலி. மந்திரவாதிக்கும் ஒரு நாற்காலி! போதாக்குறைக்கு மாளிகையிலே காரணமில்லாமல் ஊரும் மாபெரும் பாம்பு! அறிவுக்கு அரை டிக்கெட், மடமைக்கு முழு டிக்கெட்.

"பொழுதுபோக்குத்தானே! இதற்கேன் இத்தனை வாதம்?" என்பர். ஏன் என்று சொல்கிறோம்.

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை ஒன்றிலே தீப்பிடித்தது. 28 பேர் மாண்டனர். ஓடியிருக்கலாமே என்பீர், அவர்கள் சங்கிலியாலே கட்டப்பட்டிருந்தார்கள், தோழர்களே! நோய் என்று அறிந்திருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருப்பார்கள். பேய் என்று நம்பியதால் புனிதத் தலத்துக்குக் கொண்டு வந்தார்கள். தர்காவானாலும், கோயிலானாலும், செபக்கூடமானாலும் பேயோட்டும் தொழிலுக்கு மதபேதமில்லை, சங்கிலிக்கும் இல்லை.

அந்தத் தீயைச் சினிமா மூட்டிற்று என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். ஆனால் அந்தச் சாம்பல் ஆறி நான்கே ஆண்டில் வந்த படம், மனநோயாளியைக் குணப்படுத்த மந்திரவாதியின் துணையையும் நாடியதே, அதைக் கேட்கிறோம். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. சட்டம் காலில் உள்ள சங்கிலியை அறுக்கும். கருத்தில் உள்ள சங்கிலியை யார் அறுப்பது?

இன்னொன்றையும் காணுங்கள். திரையிலே பேயாய் வருவோர் பெரும்பாலும் யார்? கெடுக்கப்பட்ட பெண். நிலம் பறிக்கப்பட்ட ஏழை. "காஞ்சனா"விலே, 2011இல், கொல்லப்பட்ட திருநங்கை. அந்தப் பாத்திரத்துக்குக் கொட்டகை கண்ணீர் விட்டது. அது நல்ல கண்ணீர். உயிரோடிருந்தபோது இவர்களுக்குக் காவல் நிலையம் கதவு திறக்கவில்லை; நீதிமன்றம் செவி சாய்க்கவில்லை. செத்த பிறகுதான் நீதி கிடைக்கிறது! பேய்ப்படம் என்பது ஏழையின் புகார் மனு. மனுவைப் படித்து நம் மனம் கொதிக்கிறது. ஆனால் என்ன ஆகிறது? நீதி கேட்டு நிற்கவேண்டிய கூட்டம், ஆவி பழிவாங்கிவிட்டது என்று நிறைவோடு வீடு திரும்புகிறது. வெளியே அதே நில அபகரிப்பாளன். அதே திருநங்கைத் தோழிக்கு வாடகை வீடு மறுக்கும் அதே வீட்டுக்காரர்!

பேயே இல்லாத கொடூரப் படங்களுக்கும் நம் உரைகல் இதுவே. 1978இல் பாரதிராசாவின் "சிகப்பு ரோஜாக்கள்". எடுத்த விதத்திலே புதுமை, இன்றும் இளைஞர் வியக்கின்றனர், நாமும் வியக்கிறோம். ஆனால் பெண்களைக் கொன்று தோட்டத்திலே புதைப்பவனுக்குக் கதை தேடித் தரும் காரணம் என்ன? அவனையும் அவன் வளர்ப்புத் தந்தையையும் கெடுத்தவர்கள் பெண்களாம்! கத்தி அவன் கையில். பழி பிணத்தின் மேல்! கைத்திறனைப் போற்றுவோம், இந்தக் கணக்கை ஏற்கமாட்டோம்.

நல்ல வழி இல்லாமல் இல்லை. 2012இல் கார்த்திக் சுப்புராஜின் "பீட்சா" வந்தது. பீட்சா கொண்டு போகும் தொழிலாளி, பாழ் மாளிகையிலே தான் கண்டதாகப் பேய்க்கதை ஒன்று சொல்கிறான். நாமும் உறைந்துபோகிறோம். பிறகு தெரிகிறது, கதை முழுதும் புளுகு! வைரத்தை மறைக்கக் கட்டிய கதை! முதலாளி தன் மகளுக்குப் பேய் பிடித்ததாக அஞ்சிக் கிடக்கிறான். அந்த அச்சத்தையே பூட்டுக்குச் சாவியாக்கிக் கொள்கிறான் தொழிலாளி. பேய்க்கதையால் இலாபம் யாருக்கு என்று இத்தனை தெளிவாய் நம் மேடைகள்கூடச் சொன்னதில்லை. கடைசிக் காட்சியிலே மெய்ப்பேய்க்கும் ஒரு சாளரம் திறந்து வைத்தாரே, அதுதான் குறை.

கடல் கடந்தும் பாருங்கள். 1968இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ சிறு பணத்திலே எடுத்த பிணங்கள் எழும் படம். இரவெல்லாம் போராடிப் பிழைத்த கறுப்பின இளைஞன், விடிந்ததும் காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டத்தின் குண்டுக்கு இரையாகிறான். பிணங்களுக்குத் தப்பியவன் மனிதருக்குத் தப்பவில்லை! கொட்டகையை விட்டு வந்தவனுக்குப் பிணத்தின் மேல் அச்சமில்லை. நாட்டின் மேல்தான் அச்சம். அச்சத்தை அப்படியல்லவா ஆள வேண்டும்!

வாலிபத் தோழர்களே! பேய்ப்படம் பாருங்கள். ஆனால் மூன்று கேள்விகளைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு போங்கள். செத்தவர் யார், கொன்றவர் யார்? இந்த அச்சத்தால் ஆதாயம் யாருக்கு? கடைசியில் கதவைத் திறப்பது அறிவா, தாயத்தா? மூன்றுக்கும் நேர்மையாய் விடை சொல்லும் படத்துக்கு முதல் காட்சியிலேயே கை தட்டுங்கள். மூன்றாம் கேள்வியிலே பூசாரியை அழைத்து வரும் படத்தை, கொட்டகை வாசலிலே, தேநீர்க் கடையிலே, நண்பர் நடுவிலே வைத்து நையப்புடையுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர். உங்கள் தெருவிலே "பேய் பிடித்த" பெண் ஒருத்தி வேப்பிலையால் அடிபடுகிறாள் என்றால், அன்றிரவே அந்த வீட்டுக் கதவைத் தட்டி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பில்லி சூனிய வாணிகத்தைத் தடுக்க மராட்டியம் 2013இல் சட்டம் செய்தது. கர்நாடகம் 2017இல் செய்தது. பகுத்தறிவை ஊருக்கெல்லாம் ஓதிய தமிழகம் எதற்காகத் தயங்குவது? அச்சட்டத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் கடமை.

திரையிலே பேய் ஆடட்டும். தெருவிலே ஆட விடாதீர்!