சோப்பும் வேண்டும், சம்பளத்தோடு ஓய்வும் வேண்டும்

தோட்டத்தில் சளியும் காய்ச்சலும் பரவினால், "தொழிலாளருக்குச் சுத்தம் போதாது" என்று சொல்லிவிடுவது சிலருக்கு எளிதாயிருக்கிறது. இது எவ்வளவு தூரம் உண்மை என்று நாம் ஆராய வேண்டும்.

இருமிய கை தொட்ட பொருளில் கிருமி சிறிது காலம் உயிரோடிருக்கும். ப்ளூ கிருமி உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் 24 முதல் 48 மணி நேரமும், துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரத்துக்கும் குறைவாகவும் நிலைக்குமென ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆகவே ஒரே துண்டில் நால்வர் முகம் துடைப்பதும், ஒரே குவளையில் தேநீர் குடிப்பதும், ஒருவர் கைத்தொலைபேசியை மற்றவர் வாயருகே வைத்துப் பேசுவதும் ஆகாது. பெரட்டில் ஒரே பேனா பல கை மாறுகிறது. கிராணிமார்களும் இதைக் கவனிக்க வேண்டும். இக்கிருமிகளின் கொழுப்பு உறையைச் சோப்பு சிதைத்துவிடும். 20 விநாடி கை கழுவினால் போதும்.

ஆனால் துண்டும் குவளையும் மட்டுமே குற்றவாளிகள் அல்ல. கிருமி பட்ட பொருளை ஒரு முறை தொடுவதால் கோவிட் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021இல் அறிவித்தது. அந்நோய்க்கு மூச்சுக் காற்றே முதல் வழி. நமது ஜார்ஜ்டவுனில் 1879இல் பிறந்த டாக்டர் ஊ லியன் தே, 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் மூச்சின் வழியே பரவுவதைக் கண்டு, பஞ்சும் துணியும் கொண்ட முகக்கவசத்தை அணியச் செய்தார். கிருமி வேறு, பாடம் ஒன்றே.

2020 நவம்பரில் கிள்ளானில் நடந்ததை மறக்கலாகாது. உலகத்தார் கைகளைக் காக்கும் கையுறை செய்த தொழிலாளர்கள், நெரிசலான விடுதிகளில் ஆயிரக்கணக்கில் கோவிட் கண்டனர். ஒரே அறையில் பலரை அடைத்துவிட்டு, கை கழுவவில்லை என்று அவர்களைக் குறை கூறுவது நியாயமா?

காய்ச்சலோடு பால் வெட்டப் போகிறவர் ஆசையினாலா போகிறார்? ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பு எரியாதே என்ற அச்சத்தினால் போகிறார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மருத்துவர் சான்று பெற்றவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு விடுப்பு அளிக்கிறது; இரண்டாண்டு வேலை செய்தவருக்கு 18 நாள், ஐந்தாண்டு கடந்தவருக்கு 22 நாள். இது சலுகையன்று, உரிமை.

தோழர்களே! துண்டையும் குவளையையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டால் எம்.சி. எடுத்து வீட்டிலிருங்கள். நிர்வாகத்தினரைக் கேட்கிறோம்: பால் நிறுக்குமிடத்தில் குழாயும் சோப்பும் வையுங்கள், குடியிருப்பில் காற்று வர வழி செய்யுங்கள், எம்.சி. கொண்டுவருபவரை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் கடமையை நாங்கள் செய்வோம். உங்கள் கடமையை நீங்கள் செய்யுங்கள்.