நிவாரணக் கணக்கைக் குப்பத்தில் தொடங்குங்கள்

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை இறக்கலாம் என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு உண்டு. பாடு என்று அதற்குப் பெயர். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் சீட்டுப் போட்டு இடங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல மீன் விழும் இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை வைத்து மாறுகிறது. இது நடக்க வேண்டுமானால் யாருக்கு உரிமை, யாரிடம் என்ன வலை, யார் யாருடன் சேர்ந்து தொழில் செய்கிறார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருக்கிறது. பேரிடர் நேரத்தில் பல நாடுகளிலிருந்து குவியும் உதவியை ஒருங்கிணைக்க உருவான அமைப்புகளிடம் பணமும் கப்பலும் வல்லுநர்களும் உண்டு; இந்த விவரம் மட்டும் கிடையாது. ஆகவே நிவாரண ஒருங்கிணைப்பு, பேரிடருக்கு முன்பே ஒவ்வொரு குப்பத்திலும் எழுதி வைக்கப்படும் தொழில் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றைய சர்வதேச ஏற்பாடு 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானத்திலிருந்து வளர்ந்தது. ஐ.நா.வின் மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு அதுவே அடித்தளம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் 2005-இல் சீர்திருத்தம் வந்தது: உணவு, குடிநீர், தங்குமிடம், சுகாதாரம் எனத் துறை வாரியாகக் குழுக்கள் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பைப் பொறுப்பாக்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானை உலுக்கிய நிலநடுக்கத்தில் இம்முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. பயனுள்ள முறைதான். ஒரே முகாமுக்கு நான்கு அமைப்புகள் கம்பளி கொண்டுவந்து, அடுத்த முகாம் வெறுமையாகக் கிடப்பதை இது பெருமளவு தடுக்கிறது. ஆனால் இதன் மையக் கேள்வி, கொடுப்பவர்களில் யார் எங்கே என்ன செய்கிறார் என்பது. யார் எதை இழந்தார், யாருக்கு எது வேண்டும் என்ற கேள்விக்கு விடை வேறு யாரிடமோ இருக்கிறது.

அந்த விடையைத் தேடாமல் உதவி வந்தால் என்னாகும் என்பதைத் தமிழகக் கடற்கரை 2004 டிசம்பர் 26-க்குப் பின் பார்த்தது. மாநிலத்தில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அதில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவி வேண்டாம் என்றது இந்தியா. அதே நாட்களில் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவி கொண்டு சென்றன. மறுகட்டுமானத்துக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள், எண்ணற்ற தொண்டு நிறுவனங்கள் எல்லாம் வந்தன. நாகையில் ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்துக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இடையே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை உருவாக்கின. அந்த மையம் இருந்தும் படகு விஷயத்தில் கணக்கு பிசகியது. படம் எடுக்கத் தோதானது, நன்கொடையாளருக்குக் காட்ட எளிதானது என்று ஃபைபர் படகுகளைக் கொடுக்கப் போட்டி நடந்தது. கட்டுமரத்தில் கூலிக்குப் போனவர்கள் பலர் படகு உரிமையாளர் ஆனார்கள். படகுக்கு ஆள் கிடைக்கவில்லை, கடலில் மீனும் கூடிவிடவில்லை. சர்வதேச அமைப்புகள் சேர்ந்து நடத்திய சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணியின் கணக்குப்படி, சுனாமியால் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் திரண்டது; அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் செலவானது 3 டாலர். உள்ளூர் மக்களின் திறனை ஓரங்கட்டியதை அந்த மதிப்பீடே பெரும் குறையாகச் சொன்னது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிடலாமா? இந்த யோசனைக்கு எதிராக எழும் வலுவான ஆட்சேபம் இங்குதான் இருக்கிறது. சுனாமியின்போது நாகைக் குப்பங்களில் பஞ்சாயத்தார் வந்த பொருளைப் பொதுவில் சேர்த்துத் தலைக்கட்டு வாரியாகச் சமமாகப் பங்கிட்டார்கள். வலுத்தவன் அள்ளிப் போகாமல் அது காத்தது. ஆனால் தலைக்கட்டு என்றால் பெரும்பாலும் மணமான ஆண். கணவனை இழந்த பெண் பல ஊர்களில் அந்தக் கணக்கில் வரவில்லை. கடற்கரையை ஒட்டி வாழும் தலித் மக்களும் இருளர்களும் மீனவர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பழவேற்காட்டிலும் பாடு உரிமை எல்லோருக்கும் கிடையாது. ஏரிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களும் அதே ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். ஏரி கெட்டால் முதல் நாளே அடுப்பு அணைவது இவர்கள் வீட்டில்தான். குப்பத்தின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், குப்பத்தின் பாகுபாட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டதாகிவிடும்.

இந்த ஆட்சேபம் உண்மையானது. ஆனால் அது ஊர்க் கணக்கைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, விரிவாக்கச் சொல்கிறது. படகும் வலையும் உள்ளவர்களின் விவரத்தைப் பஞ்சாயத்தார் தரட்டும். மீன் விற்பவர், கருவாடு போடுபவர் விவரத்தைப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் தரட்டும். கையால் பிடிப்போர், கூலிக்குப் போவோர் விவரத்தை இருளர், தலித் குடியிருப்புகளுக்கே போய் எடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கிராம சபையில் உரக்க வாசித்து, விடுபட்டவர்கள் அங்கேயே கேட்க இடம் தர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆணையம் அமைத்து மாவட்டத் திட்டம் தீட்டச் சொல்கிறது; நிவாரணத்தில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்று அதன் 61-ஆவது பிரிவு சொல்கிறது. பதிவேடு இல்லாத ஊரில் அந்தப் பிரிவு மீறப்பட்டதை எதைக் காட்டி நிரூபிப்பது?

இரண்டாவது ஆட்சேபம் வேகம் பற்றியது. உயிர் ஊசலாடும்போது பட்டியலை யார் வாசிப்பார்கள் என்பார்கள். முதல் சில நாட்களில் சோறு, தண்ணீர், மருந்து, கூரை ஆகியவற்றுக்குப் பட்டியல் தேவையில்லை. வந்தவருக்கெல்லாம் கொடுக்க வேண்டியதுதான். தவறு நடப்பது அதற்குப் பிறகு, படகு, வலை, வீடு, இழப்பீடு என்று பேசத் தொடங்கும்போது. அப்போது அவசரமாக எடுக்கும் கணக்கில் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு கழிவெண்ணெய் பழவேற்காட்டுக்குத் தெற்கே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியபோது, வாளியும் கையுமாக அதை அள்ளியவர்களில் மீனவர்களே முன்னின்றார்கள். பின்னர் அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும் 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. படகை எண்ணுவது எளிது. எண்ணெய் நாற்றத்துக்குப் பயந்து வாங்க ஆளில்லாமல் வாரக்கணக்கில் வியாபாரம் படுத்துப்போன மீன்காரியின் இழப்பை எண்ண, அவர் பெயர் முன்பே எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, நம்பிக்கை. உள்ளூரில் கொடுத்தால் பணம் கசியும் என்று நன்கொடையாளர்கள் அஞ்சுகிறார்கள். 2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த மனிதநேய மாநாட்டையொட்டிப் பெரும் நன்கொடையாளர்கள், நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை 2020-க்குள் இயன்றவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்; ஆனால் இலக்கு எட்டப்படவில்லை. நம் நாட்டிலும், வெளிநாட்டு நன்கொடை பெற்ற அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குக் கைமாற்றுவதை 2020-இன் சட்டத் திருத்தம் அடியோடு தடை செய்தது. முறைகேட்டைத் தடுக்கத்தான் என்று வாதிடலாம். விளைவு, குப்பத்தில் வேலை செய்யும் சிறு அமைப்பு பெரிய அமைப்பின் வழியாகக்கூட உதவி பெற முடியாது. எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்ட பதிவேடு, எந்தத் தணிக்கையாளரையும்விடக் கசிவைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வலை இருந்தது என்பது குப்பத்தில் ரகசியமல்ல.

திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் இதைப் பழவேற்காட்டில் முதலில் செய்து பார்க்கலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால், திருப்பதி மாவட்ட நிர்வாகத்தோடு பேசி இரு கரையிலும் ஒரே வடிவில் பதிவேடு எழுத வேண்டும். புயல் மாநில எல்லை பார்த்து அடிப்பதில்லை. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைப் புதுப்பித்து, கிராம சபையில் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும். அடுத்த பேரிடரில் உதவியோடு வரும் எந்த நிறுவனமும், ஐ.நா.வாக இருந்தாலும் அரசாக இருந்தாலும், அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகே படகோ வீடோ அறிவிக்க வேண்டும் என்று மாவட்டத் திட்டத்தில் எழுதிவிட்டால் போதும். செலவு சொற்பம். ஊரை முதலில் கேட்க வேண்டும் என்ற நிர்பந்தம்தான் பலருக்குக் கசக்கும்.