உதடு மதமதக்குதா? உஷார் பாஸ்!

போன வாரம் மெஸ் சாம்பார் பத்திப் புலம்பின அதே நான்தான். இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ்.

எங்க சித்திக்குத் தைராய்டு சுரப்பியை முழுசா எடுத்துட்டாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, ரெண்டாம் நாளே டிஸ்சார்ஜ். மூணாம் நாள் காலையில காபி டம்ளரும் கையுமா, "உதட்டைச் சுத்தி ஒரே மதமதப்பா இருக்குடா. விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு"ன்னாங்க. அம்மா, "சரியா சாப்பிடலல்ல, அதான்"னு கஞ்சி வைக்கப் போயிட்டாங்க. நான் அதுக்கும் மேல! "கையை மடக்கிப் படுத்திருப்பீங்க சித்தி"ன்னு தீர்ப்பு சொல்லிட்டு மேட்ச் பார்க்க உட்கார்ந்துட்டேன். மதியம் சித்தியோட விரல்கள் தானா குவிஞ்சு, விரிக்கவே முடியாம இறுகிப்போச்சு. அப்புறம்தான் ஆட்டோ, எமர்ஜென்சி எல்லாம்.

ரத்தத்துல கால்சியம் 6.9. நூறு மில்லிக்கு சுமார் 8.5-லேர்ந்து 10.5 மில்லிகிராம் இருக்கணுமாம். ஈ.சி.ஜி.யைப் பார்த்துக்கிட்டே மெதுவா நரம்பு வழியா கால்சியம் ஏத்தினாங்க. ரொம்பக் குறைஞ்சா வலிப்பு வரலாம், இதயத்துடிப்பும் தடம் மாறலாம்.

விஷயம் இதுதான். தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு, அரிசி சைஸ்ல பாராதைராய்டுன்னு பொதுவா நாலு சுரப்பிகள் இருக்கு. (மனுஷ உடம்புல இதைப் பத்தி 1880-ல விவரமா எழுதினவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐவார் சான்ட்ஸ்ட்ராம். முதல்ல ஒரு நாய்கிட்ட இதைப் பார்த்தப்ப அவர் மெடிக்கல் ஸ்டூடண்ட்தான். நாம அரியரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம்!) ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா ஹார்மோன் விட்டு ஏத்துறது இதுங்க வேலை. நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற ஃபீட்பேக் லூப்பேதான். தைராய்டை எடுக்கும்போது இதுங்களுக்கு வர்ற ரத்த ஓட்டம் பாதிச்சா, மயங்கிடும். பெரும்பாலும் சில வாரம், சில மாசத்துல முழிச்சுக்கும். சிலருக்கு முழிக்காமலே போயிடுறதும் உண்டு.

இங்கேதான் விட்டமின் டி என்ட்ரி. சாப்பாட்டுல இருக்கிற கால்சியத்தைக் குடல் உறிஞ்ச அது வேணும். சித்திக்கு அதுவும் 11 நானோகிராம்தான். 20-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை. 'நம்ம ஊரு வெயில்லயா?'ன்னு நானும் கேட்டேன். சித்திக்கு ஆபீஸ்ல ஜன்னல் ஓர சீட்தான். ஆனா, அதுக்குத் தேவையான கதிர் கண்ணாடியைத் தாண்டாதாமே! அதோட, விட்டமின் டியைச் சிறுநீரகம் உபயோகமா மாத்துறதுக்கும் அந்தப் பாராதைராய்டு ஹார்மோன் வேணும். அதனால, ஏற்கெனவே மாத்தின ரெடிமேட் வடிவமான கால்சிட்ரியாலையே கொடுத்தாங்க.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன்னா, முன்னாடியே கால்சியம், விட்டமின் டி டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. தைராக்ஸின் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். சித்தி செல்போன்ல அலாரம் வெச்சது நான்தான்.

டிஸ்சார்ஜ் ஷீட்டோட ரெண்டாம் பக்கத்துல, 'உதடு, விரல் மரத்துப்போனால் உடனே வரவும்'னு தெளிவா டைப் அடிச்சிருந்துச்சு. அந்த ஃபைல் மூணு நாளும் என் பையிலதான் இருந்துச்சு. நான் பார்த்தது பில் தொகையை மட்டும்தான்.