கலந்த பாட்டுக்கு ஏன் இந்த நடுக்கம்?



ஷிப்டு முடிந்து ஓசூர் சிப்காட் வாசலில் திரளும் கூட்டத்தைப் பாருங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது - நான்கும் இம்மண்ணின் பேச்சு. பிழைக்க வந்தவர்களோடு ஒரியாவும் இந்தியும் வந்து சேர்ந்தன. அத்தனை பேரையும் ஒரே லைனில் நிறுத்தி வேலை வாங்கும் முதலாளிக்கு இந்தக் கலப்பு இனிக்கிறது. அதே கலப்பு பாட்டில் வந்தால் மட்டும் சில கனவான்களுக்குக் கசக்கிறது!

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவைத்தான் சொல்கிறோம். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'ஜாதியில்லாத் தமிழர்' என்ற சொல்லே அதன் பெயருக்கு மூலம். வடசென்னைக் கானாவும் பறையும் ஒருபுறம், கிதாரும் ராப்பும் மறுபுறம். இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டின் பொருள்.

"மேனாட்டுச் சரக்கைக் கலந்து இசையைக் கெடுக்கிறார்கள்" என்கிறார்கள். வயலின் எந்த நாட்டுச் சரக்கு? ஐரோப்பாவிலிருந்து வந்து கர்நாடக சங்கீத மேடையில் அமர்ந்தபோது அது தீட்டாகவில்லை. கிதாருக்குப் பக்கத்தில் பறை நின்றால்தான் தீட்டு! கோபம் கிதார் மீதல்ல, பறை மீதே.

"பாட்டில் அரசியல் எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். அதே 2018 நவம்பரில், ஓசூருக்கு அருகில் ஜாதி மறுத்து மணந்த இளம் தம்பதியர் கொல்லப்பட்டுக் காவிரியில் வீசப்பட்டனர். உடல்கள் கிடைத்தது கர்நாடகத்தில். ஜாதி வெறிக்கு மாநில எல்லை இல்லை! அந்தக் கொலைக்கு எழாத கூச்சல், 2024 நவம்பரில் பாடகி இசைவாணிக்கு எதிராக எழுந்தது. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய பெண் அவர். சபரிமலையில் பெண்கள் நுழையும் உரிமையைப் பற்றி ஆண்டுகளுக்கு முன் பாடியதற்காக, "கைது செய்" என்றார்கள், மிரட்டினார்கள். இது அரசியல் இல்லையா?

இன்னோர் அனுபவத்தையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1995-ல் தொழிற்சங்க உரிமைப் போராட்டத்தின் ஊடே பிறந்தது 'ஓசோமாத்லி' இசைக்குழு. லத்தீன் அமெரிக்கத் தாளத்தையும் ஜாஸையும் கறுப்பின மக்களின் ஹிப்-ஹாப்பையும் கலந்து பாடியது. பின்னாளில் அமெரிக்க வெளியுறவுத் துறையே அதைக் கலாசாரத் தூதராக நாடு நாடாக அனுப்பியது! அடக்க முடியாததை அணைத்துக்கொள்வது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். கலகப் பாட்டைக் காப்பது கைதட்டல் அல்ல. அதன் பின்னே நிற்கும் மக்கள் இயக்கமே.

நம்மிடமும் குறை உண்டு. ஆயுத பூஜையில் நிர்வாகம் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்தால், நம் சங்க மேடையும் அதையே நகல் எடுக்க வேண்டுமா? பாட்டு மட்டுமே ஜாதியை ஒழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நிலமும் கூலியும் சங்கமும் வேண்டும். ஆனால், பகலில் ஒரே லைனில் நிற்பவர்கள் இரவில் ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்தால், சங்கம் எப்படி உறுதிப்படும்?

வருகிற மே தினத்தில் பறையும் கன்னடப் பாட்டும் ஒரியத் தோழர்களின் பாட்டும் ஒரே மேடையில் ஒலிக்கட்டும். லைனில் நிற்கும் பெண்கள் முதலில் பாடட்டும்!

நடுங்குகிறவர்கள் நடுங்கட்டும்!